பனியில் சிந்திய டீசல்

அண்டார்டிகாவுக்குப் போகிறேன் என்று நான் சொன்னபோது என் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, அங்கே என்ன வெள்ளாமை என்பதுதான். ஒன்றும் விளையாது, புல்கூட முளைக்காது, மனிதர் குடியிருக்கும் ஊரே கிடையாது என்றேன்.

"அப்பறம் அங்க என்ன கண்ணு வேலை உனக்கு?"

"ஜெனரேட்டர் ஓட்டணுங்கண்ணா. அப்புறம் குப்பை அள்ளணும்."

விளையாட்டுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துச் சிரித்தார். அண்ணி முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். கோவாவில் கப்பல் ஏறும்வரை தாங்கவேண்டும் என்று ஒரு டின் நிறையப் பிழிந்தார்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு டிசம்பர் அது. எங்கள் அப்பா, அம்மா இருவரும் பல்லடம் பக்கம் தோட்டக்கூலி வேலை செய்தவர்கள். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அண்ணன்தான் என்னை ஐடிஐ வரை படிக்க வைத்தார். டீசல் மெக்கானிக் படித்துவிட்டுப் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பம்பு செட் பட்டறையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பிறகு ராணுவத்தில் பொறியாளர் பிரிவுக்கு ஆள் எடுத்தபோது சேர்ந்தேன். அங்கிருந்துதான் இந்தப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். கல்யாணம் ஆகவில்லை, உடம்பில் நோய் இல்லை. எடுத்துக்கொண்டார்கள்.

குப்பையை ஏன் அள்ளவேண்டும் என்பது கோவாவிலேயே தெரிந்துபோயிற்று. கப்பல் ஏறுவதற்கு முந்தின நாள் எங்கள் தலைவர் எல்லோரையும் உட்கார வைத்து விளக்கினார். பல நாடுகள் கூடி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கின்றன. தென்துருவம் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லை. அதனால் அதை அழுக்காக்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. எதைக் கொண்டுபோகிறோமோ அதைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும். எல்லா நாடுகளும் ஒப்பந்தத்தை உறுதி செய்து முடிக்கவில்லை, ஆனால் நாம் இப்போதிருந்தே அப்படித்தான் நடக்கப்போகிறோம் என்றார். அங்கே இறக்கவே கூடாத பொருட்கள் என்று ஒரு பட்டியலையும் வாசித்தார். மண் கூடாது. சாமான் உடையாமல் இருக்கப் பெட்டிக்குள் போடும் வெள்ளை தெர்மாகோல் மணிகள் கூடாது. பூச்சிமருந்து கூடாது.

பூச்சிமருந்து என்று கேட்டதும் எனக்கு அண்ணன் ஞாபகம் வந்தது. அவருக்கு அந்த வட்டாரத்தில் இருந்த பெயரே 'மருந்தடிக்கறவர்' என்பதுதான். வருடத்தில் பாதி நாள் அவர் முதுகில் தெளிப்பான் டேங்க் இருக்கும். எந்தக் காட்டில் பருத்தியில் புழு விழுந்தாலும் ஆள் அனுப்புவார்கள். மூக்கைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான் அவருக்குக் காப்பு.

அண்டார்டிகாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அழகைப் பற்றி எழுதுவார்கள். அழகுதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் முதல் இரண்டு மாதம் நான் பார்த்தது பழைய பீப்பாய்களை. முன்னால் வந்தவர்கள் விட்டுப்போன எண்ணெய் பீப்பாய், துருப்பிடித்த தகரம், அறுந்த கேபிள், பனியோடு உறைந்துபோன சாக்கு. கடப்பாரையால் பெயர்த்து, நசுக்கி, கட்டி, கப்பல் நிற்கும் பனி விளிம்புவரை வண்டியில் இழுத்துப் போனோம். எல்லா நாட்டு ஆட்களும் அந்தந்த இடத்தில் இதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் ரஷ்யர்களின் நிலையம் இருந்தது. அவர்களுடைய மெக்கானிக் ஒருவர், என்னைப்போல இரண்டு மடங்கு ஆகிருதி, எங்கள் பீப்பாய்களை நசுக்க உதவிக்கு வந்தார். பதிலுக்கு நான் அவருடைய வண்டியின் டைனமோவைப் பிரித்து மாட்டிக் கொடுத்தேன். என்னிடம் ஆறு ரஷ்ய வார்த்தை, அவரிடம் பத்து ஆங்கில வார்த்தை. இன்ஜினைத் தொட்டுக்கொண்டு பேசினால் அதுவே தாராளம்.

கப்பல் திரும்பிப் போனபின் குளிர்காலத்துக்கு இருபத்துச் சொச்சம் பேர் தங்கினோம். அதில் ஒருவர் விஞ்ஞானி, பாலக்காட்டுக்காரர், என்னோடு தமிழில் பேசுவார். நிலையத்திலிருந்து வெகுதூரம் போய்ச் சுத்தமான பனியைச் சின்னக் குடுவைகளில் எடுத்து வருவார். ஒருநாள் அவருக்கு வண்டி ஓட்டப் போனவன், அப்படி இதில் என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டேன்.

"உங்க ஊர்ல பருத்திக்கு அடிக்கறாங்களே, அதைத்தான்" என்றார்.

கிண்டல் செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. சில மருந்துகள் வெயிலில் ஆவியாகிக் காற்றோடு மேலே போகும், குளிர்ந்த இடத்தில் இறங்கும், மறுபடி கிளம்பும், கடைசியில் துருவத்தில் வந்து தங்கிவிடும். வடதுருவத்தில் பனிக்கரடியின் கொழுப்பிலும் அங்கே வாழும் தாய்மார்களின் பாலிலும்கூட இருக்கிறதாம். தெற்கே பென்குயினில் இருக்கிறதாம். அதனால்தான் இதை ஒரு நாடு தனியாகத் தடுக்க முடியாது, எல்லோரும் உட்கார்ந்து பேசவேண்டும் என்றார்.

மாதத்தில் முதல் ஞாயிறன்று ஒவ்வொருவரும் வீட்டோடு இரண்டு நிமிடம் சாட்டிலைட் போனில் பேசலாம். எங்கள் வீட்டில் போன் இல்லை. அண்ணனும் அண்ணியும் சர்ச்சில் பூசை முடிந்து பல்லடத்தில் பங்குச் சாமியார் வீட்டில் காத்திருப்பார்கள். நாம் சொன்னது அங்கே போய்ச் சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அது தெரியாமல் அண்ணன் "ஹலோ, ஹலோ" என்பதிலேயே பாதி நேரத்தைத் தீர்த்துவிடுவார். பனியில் பருத்தி மருந்து தேடும் கதையை ஒரு ஞாயிறு அவரிடம் சொன்னேன். சத்தம் போய்ச் சேர்ந்தது. பிறகு அவர் சிரிப்பு கேட்டது.

"நாம அடிச்சது அங்க வரைக்கும் போகுதாக்கும்? அப்ப இங்கிருக்கற புழு மட்டும் ஏங் கண்ணு சாகமாட்டேங்குது?"

விஞ்ஞானியிடம் சொன்னேன். அவர் சிரித்தார், அப்புறம் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "உங்க அண்ணன் கேட்டது சரியான கேள்வி" என்றார்.

நவம்பர் முதல் ஞாயிறு. அப்போது அங்கே சூரியன் மறைவதே இல்லை. என் முறை வந்தது. போனை எடுத்தது அண்ணி.

"அண்ணன் வரலீங்களா அண்ணி?"

பதில் வரும்வரை கம்பிக்குள் காற்று வீசுகிறமாதிரி ஒரு சத்தம். பிறகு அண்ணி பேசினார். அழவில்லை. இரண்டு நிமிடத்துக்குள் அடங்கவேண்டும் என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தார் என்று பிற்பாடு சாமியார் சொன்னார்.

"தம்பி, நான் சொல்றதைக் குறுக்க பேசாம கேளுங்க. அண்ணன் போய்ட்டாருங்க. இன்னையோட பதினோரு நாள் ஆகுது. மேக்காலத் தோட்டத்துல மருந்தடிச்சுட்டு இருந்தாரு. எதிர்காத்து. வெய்யில்ல மயக்கம்னு நெனைச்சு மரத்தடில படுக்க வெச்சோம். வாயில நொரை வந்துபோச்சுங்க. கோயமுத்தூருக்குக் கார் வெச்சுக் கொண்டுபோனோம். சூலூர் தாண்டலீங்க. நல்லபடியா அடக்கம் பண்ணிப்போட்டோம். கல்லறைத் திருநாளுக்கு எல்லாரும் பூ வெச்சாங்க. நம்ம குழி மண்ணுதான் இன்னும் காயலை. நீங்க ஒடம்பைப் பாத்துக்கங்க."

நான் ஏதோ கேட்டேன். என்ன கேட்டேன் என்று ஞாபகமில்லை. அது போய்ச் சேருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது.

கப்பல் வர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் அங்கிருந்து எவனும் எங்கும் போகமுடியாது. அடுத்தவர் பேசுவதற்காக வெளியே நின்றிருந்தார். நான் அவருக்கு வழிவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல், ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு ஜெனரேட்டர் கொட்டகைக்குப் போனேன். அன்று பெரிய டேங்கிலிருந்து சின்ன டேங்குக்கு டீசல் ஏற்றவேண்டும். பம்பைப் போட்டேன். ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்தேன்.

எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. எட்டு வயதில் எனக்கு அம்மை போட்டபோது அண்ணன் வேப்பிலை பறிக்க ஏறி விழுந்து கையை ஒடித்துக்கொண்டது மட்டும் திரும்பத் திரும்ப மனதில் ஓடிக்கொண்டிருந்தது. வாசனை மூக்கில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். டேங்க் நிறைந்து வழிந்து, டீசல் கொட்டகைக்கு வெளியே பனியில் இறங்கிப் போயிருந்தது. பம்பை நிறுத்தினேன். வெளியே ஓடிப் பார்த்தேன். வெள்ளைச் சரிவில் அகலமாகச் செம்பழுப்புத் தடம். சரிவுக்குக் கீழே உறைந்து கிடந்தது ஏரி. நாங்கள் குடிக்கிற தண்ணீர் அதுதான்.

சுற்றிலும் ஒருவருமில்லை. பனிக்காற்று கிளம்பியிருந்தது. அரை மணி நேரம் விட்டால் அத்தனையும் மூடிப்போகும். மண்வெட்டியால் நாலு தள்ளு தள்ளினால் இன்னும் சீக்கிரம் மூடும். தள்ளினேன். உண்மையைச் சொல்கிறேன், மூன்று நாலு முறை தள்ளினேன். பிறகு கை ஓடவில்லை. மேலே வெள்ளையாகிவிட்டது, ஆனால் அடியில் அது ஏரியை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும். அண்ணனைக் கொன்றதும் கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இறங்கியதுதானே என்று அப்போது தோன்றியதா, பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டதா, இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. மண்வெட்டியைப் போட்டுவிட்டுத் தலைவரிடம் போனேன்.

"டீசல் கொட்டிவிட்டது, சார். என் தப்பு."

"எவ்வளவு?"

"ஒரு பீப்பாய்க்கு மேல் இருக்கும்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உனக்கு உடம்பு சரியில்லையா?"

"அண்ணன் இறந்துவிட்டார், சார்."

அவர் எழுந்து வந்து என் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். தண்ணீர் கொடுத்தார். கொஞ்ச நேரம் கழித்து, "இதை நான் எழுதியாக வேண்டும். நம் அறிக்கை எல்லா நாடுகளுக்கும் போகும். உன் பெயரைப் போடமாட்டேன். ஆனால் நடந்ததைப் போட்டே ஆகவேண்டும்" என்றார். எழுதுங்கள் என்றேன்.

ரேடியோவில் ரஷ்யர்களைக் கூப்பிட்டார். ஒரு மணி நேரத்தில் சங்கிலிச் சக்கர வண்டியில் ஆறு பேர் வந்தார்கள், எண்ணெய் உறிஞ்சும் விரிப்புகளோடும் மண்வெட்டிகளோடும். யார் கொட்டியது என்று எவரும் கேட்கவில்லை. ஏரிக்கு மேலே குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி முதலில் தடத்தை மறித்தோம். மறுநாளிலிருந்து மூன்று நாள் தோண்டினோம். டீசல் நனைந்த பனி, அதற்கடியில் நனைந்த சரளைக் கல், எல்லாவற்றையும் பீப்பாய்களில் அள்ளினோம். என்னை ஓய்வெடுக்கச் சொன்னார்கள். நான் மாட்டேன் என்றேன். விஞ்ஞானியும் தன் குடுவைகளை வைத்துவிட்டு வந்து தோண்டினார்.

அந்த ரஷ்ய மெக்கானிக் என் பக்கத்திலேயே நின்று தோண்டினார். இரண்டாம் நாள் டீ குடிக்கும்போது என்னைக் காட்டி யாரிடமோ என்னவோ கேட்டார். பதிலைக் கேட்டதும் என்னிடம் திரும்பி, "பிராத்?" என்றார். சகோதரன் என்பதற்கு அவர்கள் வார்த்தை அது என்று முன்பே தெரியும். ஆமாம் என்று தலையசைத்தேன். "பெரியவரா, சின்னவரா?" என்று கையை உயர்த்தியும் தாழ்த்தியும் கேட்டார். நான் கையை உயர்த்திக் காட்டினேன். செய்தி வந்து மூன்றாம் நாள் அது. அப்போதுதான் அழுதேன். அவர் காற்று வந்த பக்கமாக எழுந்து எனக்கு மறைப்பாக நின்றுகொண்டார். கண்ணீர் இமையில் உறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

டீசல் ஏரிக்குப் போகவில்லை. அது ஒன்றுதான் அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த ஆறுதல்.

கோடையில் வேறு இரண்டு நாடுகளிலிருந்து பார்வையாளர்கள் வந்தார்கள். ஒருவர் நிலையத்தை இன்னொருவர் போய்ப் பார்த்துக் குறை சொல்லலாம் என்பது ஒப்பந்த நாடுகளுக்குள் ஏற்பாடு. தலைவர் எழுதிய குறிப்பேட்டைப் படித்துவிட்டுச் சரிவைக் காட்டச் சொன்னார்கள். பம்பு யார் பொறுப்பு என்று கேட்டபோது நான் கையைத் தூக்கினேன். நரைத்த தாடி வைத்த ஒருவர் என் கையைக் குலுக்கி, எழுதி வைத்ததற்கு நன்றி என்றார். அந்தப் பீப்பாய்களெல்லாம் நான் வந்த கப்பலிலேயே என்னோடு கோவாவுக்கு வந்தன.

மார்ச் மாதக் கடைசியில் காந்திபுரத்தில் பஸ் ஏறிப் பல்லடம் போய்ச் சேர்ந்தேன். அண்ணி என்னைக் கல்லறைக்குக் கூட்டிப் போனார். மண் காய்ந்து இறுகியிருந்தது. வீட்டுக்கு வந்ததும் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். மூலையில் வெள்ளைக் கேன் ஒன்றில் தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. கேனில் ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தார்கள். ஆனாலும் அது என்ன கேன் என்று எனக்குத் தெரியும்.

"இது மருந்து கேனுங்களா அண்ணி?"

"சோப்புப் போட்டு நாலு வாட்டி கழுவினதுதானுங்க. அண்ணன்தான் கொண்டாந்தாரு."

அண்ணனின் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. அவளும் அதைத்தான் குடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீரைக் கொட்டிவிட்டேன். மறுநாள் மேற்குத் தோட்டத்துக்குப் போனேன். தோட்டத்துக்காரர் கெட்டவர் இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவும் இந்த மருந்தை வெறுங்கைலதான் கலக்குனாரு தம்பி. இப்பிடி ஆகும்னு யாரு கண்டாங்க?" என்று கண் கலங்கினார். மோட்டார் ரூமில் காலி டின்கள் குவிந்து கிடந்தன. சிலவற்றில் அடியில் இன்னும் மருந்து இருந்தது. கேட்டு வாங்கிச் சாக்கில் கட்டி, விவசாய அலுவலகம் ஒன்றுக்குக் கொண்டுபோனேன்.

அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "விக்கறதுக்கு ஆள் இருக்காங்க, திருப்பி வாங்கறதுக்கு யாரும் இல்லீங்களே. குழி தோண்டிப் பொதைச்சுப்போடுங்க."

"கிணத்துத் தண்ணிக்கு இறங்காதுங்களா?"

"நீங்க எங்கிருந்து வாரீங்க?" என்று கேட்டார். சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

எனக்குப் புதைக்க மனம் வரவில்லை. டின்களை ஒரு பெரிய பீப்பாயில் போட்டு மூடி வெல்டு வைத்து, மோட்டார் ரூம் மூலையில் நிறுத்திவிட்டு யூனிட்டுக்குத் திரும்பினேன். அடுத்த விடுமுறையில் வந்தபோது பீப்பாய் இல்லை. யாரோ அறுத்து, டின்களைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டிருந்தார்கள்.

முதல் விடுமுறையிலேயே அண்ணியிடம் அங்கே நடந்ததையெல்லாம் சொன்னேன், டீசல் கொட்டியது உட்பட. வாசல்படியில் உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டு,

"அங்க குடியிருக்கற சனமே இல்லைன்னீங்க தம்பி. அப்பறம் அத்தனை தேசமும் கூடி யாருக்காகக் குப்பை கூட்டறீங்க?" என்றார்.

குத்திக் காட்டவில்லை; தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பனி உருகினால், காற்று திரும்பினால் என்று ஏதோ ஆரம்பித்தேன்.

பாலக்காட்டு விஞ்ஞானி ஒரு வருடம் கழித்துக் கடிதம் எழுதினார். பனிக்குடுவைகளில் அந்த மருந்துகளின் சுவடு இருந்ததாம், மிக மிகச் சொற்பமாக. எந்த நாட்டிலிருந்து, எந்தக் காட்டிலிருந்து என்று சொல்ல வழியில்லையாம். அதில் சிலவற்றை உலகம் முழுக்க நிறுத்துவதற்குப் பேச்சு தொடங்கப் போகிறது, நிச்சயம் நடக்கும், ஆனால் நாளாகும் என்று எழுதியிருந்தார். அவர் சொன்னபடியே நடந்தது. நாளும் ஆயிற்று.

அண்ணி பருத்திக்காட்டு வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போனார். மகளைப் படிக்க வைத்தார். நான் ராணுவத்திலிருந்து வந்தபின் பெரியநாயக்கன்பாளையத்தில் ஜெனரேட்டர் பழுது பார்க்கும் கடை போட்டேன். அதற்கு முன்பு, இன்னும் பணியில் இருந்தபோதே, ஒரு விடுமுறைக்கு வரும் வழியில் காந்திபுரத்தில் ரப்பர் கையுறையும் முகமூடியும் வாங்கிக்கொண்டு மேற்குத் தோட்டத்துக்குப் போனேன். அண்ணனுக்குப் பிறகு அங்கே மருந்தடிக்க ஒருவர் வந்திருந்தார், என் வயதுதான் இருக்கும். விவரம் சொல்லிக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து யூனிட்டுக்குத் திரும்புமுன் மறுபடி போனேன். வெறுங்கையோடு அடித்துக்கொண்டிருந்தார். முகமூடியும் இல்லை.

"போட்டுப் பாத்தனுங்க. கையெல்லாம் வெந்துபோகுது. மூச்சு முட்டுதுங்க. இந்த வெய்யிலுக்கு இதெல்லாம் ஆகாதுங்க" என்றார், என் மனம் நோகக்கூடாதே என்ற கவலையோடு.

நான் வரப்பில் நின்றேன். பருத்தி இடுப்பளவு வளர்ந்து பூவெடுத்திருந்தது. அவர் சாலில் பாதிதூரம் போனவர் திடீரென்று நின்று, தெளிப்பதை நிறுத்தி, என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"ஏனுங்க, அங்க நிக்காதீங்க. காத்து உங்க பக்கம் திரும்பிப்போச்சு. தள்ளிப் போயிருங்க."

நான் தள்ளி நின்றபிறகு மறுபடி அடிக்கத் தொடங்கினார்.